கிழமைக்கு ஒரு நேரத்தில் விழும் சர்வர்

வெப் சர்வீஸ் எழுதுவது, ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத தொழில். ஓடாத அன்று மட்டும் ஊருக்கே நம் போன் நம்பர் மனப்பாடமாகிவிடும். "சர்வர் படுத்துடுச்சு" என்ற ஒரு வார்த்தைக்காகப் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு ஓடியவர்கள் இதைப் படிப்பவர்களில் இருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். நம்மைப் பார்த்துப் பாவப்படவும் நாலு பேர் வேண்டுமே.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு சாஃப்ட்வேர் இன்னொரு சாஃப்ட்வேரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டுமானால் நடுவில் ஓர் ஆள் ஓட வேண்டும். அந்த ஆள்தான் வெப் சர்வீஸ். அவனை ஜாவாவில் எழுதுவது என் வேலை. அவன் ஓடாதபோது திட்டு வாங்குவதும் என் வேலை.

என் பெயர் கீதா. வீடு ஸ்ரீரங்கம். ஆபீஸ் புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேல் மாடி. முதலாளி முபாரக் பாய், துபாயில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து இந்தச் சின்னக் கம்பெனியை ஆரம்பித்தவர். எங்களுக்குக் கிடைத்த ஒரே பெரிய வேலை மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்கள். அங்கே சில மில்கள் சேர்ந்து சென்னையில் உள்ள ஓர் அரிசி கம்பெனிக்கு லோடு அனுப்புகின்றன. லாரி கிளம்பும் முன் லோடு விவரத்தை மில்லில் கம்ப்யூட்டரில் அடிப்பார்கள். எங்கள் சர்வீஸ் அதைச் சென்னைக்குக் கொண்டுபோய், லாரியை அங்கே கேட்டுக்குள் விடுவதற்கான ஒரு கேட் நம்பரை வாங்கி வந்து கொடுக்கும். அந்த நம்பர் அச்சான சீட்டு கையில் இல்லாமல் லாரி நகராது.

பொங்கல் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் சென்னையில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கொடுத்துவிடுவோம் என்று மில்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வேலை போனால் ஆபீஸை மூட வேண்டியதுதான் என்று பாயும் ஒளிக்காமல் என்னிடம் சொல்லிவிட்டார். மூடினால் என் அனுபவத்துக்கு வேலை இருப்பது பெங்களூரில். அந்த வாழ்க்கையை நான் ஒருமுறை பார்த்தாகிவிட்டது. வாரக் கடைசியில் ஊருக்கு ஒரு பஸ், மறுபடி பெங்களூருக்கு ஒரு பஸ். அப்போது சின்னக் குழந்தையாக இருந்த என் மகள், நான் வீட்டுக்கு வந்தால் விருந்தாளிகளுக்கு எடுக்கும் டம்ளரில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்.

முதல் மூட்டை

சர்வீஸ் ஆரம்பித்த அன்றே ஒரு மில்லின் லோடு மட்டும் போகவில்லை. லாக் என்று ஒன்று உண்டு, சர்வர் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போவது. அதைத் திறந்தால், எண் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வருகிறது என்று ஜாவா கத்திக்கொண்டிருந்தது. அதுவும் ஒவ்வொரு லோடிலும் முதல் மூட்டையில் மட்டும். இரண்டாவது மூட்டையிலிருந்து எல்லாம் சரி. காலை முழுக்க நான் எழுதிய புரோகிராமையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் அங்கிருந்து என்னதான் வருகிறது என்று அப்படியே திரையில் கொட்டிப் பார்த்தேன். மூட்டை எண் என்ற இடத்தில் "லாபம்" என்று இருந்தது. அதற்கடுத்து 2, 3, 4.

தானியம் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று ஆரம்பிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். அதைக் கம்ப்யூட்டரிலும் அடிப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரேவதிக்குப் போன் செய்து, எடை போடுபவர் என்ன வேண்டுமானாலும் கூவட்டும், நீ ஒன்று என்று அடிக்கக் கூடாதா என்று கேட்டேன். ரேவதி சொன்னாள்: "முதல் மூட்டைய ஒண்ணுன்னு போட்டா எங்க முதலாளி லோடையே இறக்கச் சொல்லிடுவாருங்க மேடம். நீங்க வேணா உங்க ஜாவாகிட்ட சொல்லிப் பாருங்களேன்."

லண்டன் நேரம்

சொல்லிப் பார்த்தேன். லாபம் என்று வந்தால் ஒன்று என்று எடுத்துக்கொள் என மூன்று வரி எழுதியதும் ஜாவா கேட்டுக்கொண்டது. ஜாவாவிடம் இந்த ஒரு நல்ல குணம் உண்டு, காரணம் கேட்காது.

அடுத்த தலைவலி ரேவதியின் முதலாளி செல்வராஜிடமிருந்து வந்தது. எல்லா மில்களுக்குமாகச் சேர்த்து எங்களிடம் பேசுபவர் அவர்தான். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே அவர் போன் வந்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். "நேத்து அமாவாசை, மில்லுக்கு லீவு. ஆனா நேத்து ஒரு லாரி போயிருக்கேன்னு சென்னையிலேருந்து கேக்கறாங்க. யாரு லாரிங்க அது?" என்றார். அவருடைய லாரிதான். விடிவதற்கு முன் இன்றைக்குக் கிளம்பியது.

சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் லண்டன் பக்கத்து நேரத்தில் ஓடும். நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். திரையில் காட்டும்போது அதை நம் நேரமாக மாற்றியிருந்தோம், சென்னைக்கு அனுப்பும்போது மாற்றவில்லை. அதனால் விடியற்காலையில் கிளம்புகிற லாரியெல்லாம் நேற்றே கிளம்பிவிடும். இதையே சுற்றி வளைத்து அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "லண்டன்ல யாருங்க நம்ம பொன்னிய சாப்பிடறாங்க? மண்ணச்சநல்லூர் நேரத்துலயே ஓட்டுங்க."

எங்க பக்கம் ஓகே

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு விக்னேஷைக் கட்டாயம் தெரிந்திருக்கும். எங்கள் விக்னேஷ் சென்னை அரிசி கம்பெனியின் இன்ஜினியர். நான் அவரை நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். அந்தக் குரல் எப்போதும் ஒரே வாக்கியத்தோடுதான் ஆரம்பிக்கும்: "எங்க பக்கம் எல்லாம் ஓகே மேடம்."

ஒருநாள் காலை அனுப்பிய லோடு எல்லாம் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. மில்களில் லாரிகள் ரோடு வரை வரிசை கட்டிவிட்டன. பாய், நான், விக்னேஷ் மூவரும் போனில். விக்னேஷ் பக்கம் ஓகே. என் பக்கமும் ஓகே. இரண்டு பக்கமும் ஓகே என்றால் லாரி ஏன் போகவில்லை என்று பாய் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் சர்வீஸ் அனுப்புவதை நான் வரிவரியாக வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு விவரத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மறுபக்கத்து சாஃப்ட்வேர் அதை வாங்காது. எடை என்ற இடத்துக்கு வந்ததும் விக்னேஷ் இடைமறித்தார். "ஒரு நிமிஷம் மேடம்" என்று போனவர் நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்து சொன்னார்: "நேத்து ஒரு சின்ன சேஞ்ச் போட்டோம் மேடம். ஆனா அத சேஞ்சுன்னே சொல்ல முடியாது, அந்தக் கட்டத்துக்குப் பேரு மட்டும்தான் மாத்தினோம்."

கிழமைக்கு ஒரு நேரம்

இதெல்லாம் கொசுக்கடி. மார்கழியில்தான் உண்மையான வலி ஆரம்பித்தது. பொங்கலுக்காக லோடு கூடக்கூட, எங்கள் சர்வீஸ் தினமும் ஒருமுறை விழ ஆரம்பித்தது. நிறுத்தி மறுபடி ஓட்டினால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். நிறுத்தி ஓட்டினால் சரியாகிற கோளாறைப்போல மோசமான கோளாறு கிடையாது. தடயத்தையெல்லாம் நாமே துடைத்துவிடுகிறோம்.

ஒரே நேரத்தில் விழுந்தாலாவது பிடித்துவிடலாம். இது திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு விழும். செவ்வாய் சாயங்காலம் நாலரை. புதன் மதியச் சாப்பாட்டு நேரம். நான் மெமரியை இரண்டு மடங்காக்கினேன். நெட் கனெக்‌ஷனை மாற்றினேன். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, மில்கள் அனுப்புவதைப்போல மணிக்கணக்கில் விட்டு விட்டுப் பொய் லோடுகளை அனுப்பிப் பார்த்தேன். சர்வர் அலட்டிக்கொள்ளவே இல்லை. என் எதிரில் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்தது.

செல்வராஜ் வழக்கமான சின்னக் குரலில், சென்னையில் அந்தப் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியைப் பொங்கலுக்கு முன்னால் ஒருமுறை வந்து தங்கள் சாஃப்ட்வேரைக் காட்டச் சொல்லியிருப்பதாகத் தெரிவித்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் கணவர் ரவியிடம், பெங்களூரில் இருக்கும் பழைய சிநேகிதிக்கு ஒரு மெயில் போட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். இப்போது வேண்டாம் என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாய்க்கு வேறு சந்தேகம். வெள்ளிக்கிழமை சர்வர் விழுவது மதியம் பன்னிரண்டுக்கு. மில்காரர்கள் வரிசையாக அவரைத் திட்டத் தொடங்கும்போது அவர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அடுத்தடுத்த வெள்ளிகளிலும் இப்படியே நடந்தபின், என் மேஜைக்கு அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "நான் போன ஆஃப் பண்ற நேரமாப் பாத்துப் படுக்குதும்மா உங்க சர்வர். யாரோ நம்மள கவனிச்சுக்கிட்டே இருக்கான்."

மில்லுக்கே போனேன்

யார் கவனிக்கிறார்கள் என்று பார்க்க அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஆபீஸுக்குப் போகாமல் மில்லுக்கே போய்விட்டேன். கொள்ளிடம் தாண்டி டோல்கேட் வழியாக ஸ்கூட்டியில் போனால் வீட்டிலிருந்து பக்கம்தான். ரேவதிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, லேப்டாப்பில் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தவிட்டுத் தூசி கீபோர்டு இடுக்கெல்லாம் புகுந்தது. காலையில் விறுவிறுவென்று சீட்டு அடித்துக்கொண்டிருந்த ரேவதி, ஒரு கட்டத்தில் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரிக்க ஆரம்பித்தாள். வெளியே லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, லாரிகள் தயாராக நிற்கின்றன. டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள்.

"ஏன், கரண்ட் இல்லையா?" என்றேன். "ராகு காலம்ங்க" என்றாள். "ஆமாமா, வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டு, மல்லாட்டைக்குக் கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. திங்கள் ராகு காலம் முடிவது ஒன்பதுக்கு. செவ்வாய் நாலரைக்கு. புதன் ஒன்றரைக்கு. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு, தினம் காலண்டர் தாளைக் கிழிக்கிற வீட்டில் இருந்துகொண்டு, எனக்கு இது தோன்றவே இல்லை. ராகு காலத்தில் எந்த மில்லிலிருந்தும் லாரி கிளம்பாது. அது முடிந்த நிமிடம் எல்லா மில்லும் ஒன்றாகச் சேர்ந்து கேட் நம்பர் கேட்கும். சென்னை சர்வர் ஒவ்வொரு நம்பரையும் ஆற அமர யோசித்துத்தான் தரும். அது தரும்வரை எங்கள் சர்வீஸ் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு லைனைப் பிடித்தபடி காத்திருக்கும். இருக்கிற லைன்கள் தீர்ந்ததும் மூச்சு முட்டிப் படுத்துவிடும். நான் ஆபீஸிலிருந்து விட்டு விட்டு அனுப்பிய பொய் லோடுகளுக்கு ராகு காலம் ஏது?

பன்னிரண்டு அடித்தது. ரேவதி கையைத் துடைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்தாள். என் லேப்டாப்பில் லாக் சிவப்புச் சிவப்பாகக் கொட்ட ஆரம்பித்தது. எத்தனையோ நாள் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாக, வாய்விட்டு. ரேவதி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "என்ன மேடம் சிரிக்கறீங்க? லாரியெல்லாம் நிக்குதுங்க."

எல்லோரும் கும்பிட்டார்கள்

காரணம் தெரிந்துவிட்டால் தீர்வு சுலபம் என்று நினைக்கிற அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்கு நானும் அதில் ஒருத்தி. சர்வீஸை மாற்றி எழுத நேரமில்லை, மனிதர்களை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மில்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மிக மரியாதையாக எழுதினேன்: ராகு காலத்தில் லாரி கிளம்ப வேண்டாம், ஆனால் பதிவை மட்டும் அதற்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வைத்துவிடுங்கள், முடிந்ததும் கூட்டம் சேராது. ஒரு மில் பாக்கியில்லாமல் கும்பிடும் கை போட்டுச் "சரிங்க மேடம்" என்றார்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. பத்தரைக்குச் சர்வர் விழுந்த வேகம் அதுவரை நான் பார்க்காதது. ரேவதியைக் கூப்பிட்டு, சரி என்று சொல்லிவிட்டு ஏன் செய்யவில்லை என்று கத்தினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க சொன்ன மாதிரியேதான் மேடம் செஞ்சோம். எல்லாத்தையும் அடிச்சு ரெடியா வச்சிருந்தோம். சேவ் மட்டும்தான் பண்ணல. ராகு காலத்துல பண்ணா சீட்டுல அந்த நேரம்தானே அச்சாகும்?" அதுவரை அடிப்பதற்கு ஆளுக்கு ஆள் ஆன நேரத்தில் கொஞ்சமாவது முன்னே பின்னே வந்துகொண்டிருந்தார்கள். என் புண்ணியத்தில் இப்போது எல்லோரும் விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள்.

பாயிடம் போய் ஆத்திரம் தீரக் கொட்டினேன். இவர்களோடு மாரடிக்க முடியாது, சொன்னால் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல போன எடுன்னு எந்தக் கஸ்டமராவது சொன்னா நான் எடுப்பேனாம்மா? அப்ப அவங்கள மட்டும் ஏம்மா மாத்தப் பாக்கறீங்க?"

காரணம் எழுதி அனுப்புங்கள்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். புத்தூர் ஆஸ்பத்திரிகளில் டாக்டர் அறைக்குள் எல்லோரையும் ஒன்றாக விடுவதில்லை. வந்தவுடன் கையில் டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள். நாமும் அதையே செய்யலாமே. விக்னேஷின் அரிசி கம்பெனி காலையிலேயே ஒரு கொத்து கேட் நம்பர்களை எங்களிடம் தந்துவிடட்டும். மில் கேட்டதும் அதிலிருந்து உடனே ஒன்றைக் கொடுத்துவிடுவோம், சீட்டு அச்சாகும், லாரி கிளம்பும். லோடு விவரத்தைப் பின்னாலேயே மெல்ல ஒவ்வொன்றாகச் சென்னைக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

விக்னேஷிடம் சொன்னேன். அப்படியெல்லாம் வழக்கமில்லை, என்ன காரணம் என்று எழுதி அனுப்புங்கள், மேனேஜரிடம் கேட்கிறேன் என்றார். என்ன எழுதுவது? நெட்வொர்க் நெரிசல் என்று மழுப்பலாமா என்று பார்த்தேன். பிறகு, போவதானால் உண்மையைச் சொல்லிவிட்டே போகலாம் என்று தோன்றியது. சர்வர் விழுந்த நேரங்களை ஒரு பக்கமும், கிழமைவாரியாக ராகு காலம் முடியும் நேரங்களை மறு பக்கமும் போட்டு, கூடவே எங்கள் வீட்டுக் காலண்டர் தாளைப் போட்டோ எடுத்து வைத்து அனுப்பிவிட்டேன். அனுப்பியபின் வெட்கமாகக்கூட இருந்தது. ஜாவாவில் இத்தனை வருடம் குப்பை கொட்டிவிட்டு, கடைசியில் காலண்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

மறுநாள் விக்னேஷ் கூப்பிட்டார். வழக்கமான வாக்கியம் இல்லை. மேனேஜர் ஒரு வார்த்தை பேசாமல் ஒப்புக்கொண்டுவிட்டாராம், நம்பர்களைத் தருகிறார்களாம். போனை வைக்கப் போனவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "மேடம், எங்க புது சர்வர திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு ஆரம்பிக்கறதா போட்டிருக்கோம். அதை ஒன்பதுக்கு மேல தள்ளிடவா?"

வியாழக்கிழமை மதியம்

சர்வீஸை மாற்றி எழுதி முடித்தேன். புதிதாகப் போடுவதென்றால் நல்ல நேரம் பார்த்துப் போடுங்கள் என்று செல்வராஜ் கேட்டுக்கொண்டார். இந்த முறை நான் மறுபேச்சு பேசவில்லை. வியாழக்கிழமை காலையில் அவர் சொன்ன நேரத்துக்கே போட்டேன்.

அன்றைக்கு ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பாய் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் பாய் என்றால் பரவாயில்லம்மா என்கிறார். இன்றைக்கு விழுந்தால் அடுத்த வாரம் சென்னை சாஃப்ட்வேர்காரர்கள் வந்து காட்டுவதற்கு முன்னாலேயே கதை முடிந்துவிடும். திரையைப் பார்த்தால் திரையில் என் மகளின் முகம்தான் தெரிந்தது. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இப்படி ஒரு மதியத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்று அடித்தது. எல்லா மில்களும் ஒன்றாக வந்து விழுந்தன. வந்த வேகத்தில் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போனது. லோடு விவரங்கள் எங்கள் பக்கம் வரிசையில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாகச் சென்னைக்குக் கிளம்பின. வரிசை நீண்டது, நின்றது, குறைய ஆரம்பித்தது. லாக்கில் ஒரு சிவப்பு வரி இல்லை. பாய் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என் போன் அடித்தது. ரேவதி, பதறிப்போய்: "மேடம், சேவ் பண்ண உடனே சீட்டு வந்துடுச்சுங்க! ஏதோ தப்பாயிருக்கு, கொஞ்சம் பாருங்க."

சென்னைக்காரர் வந்தார்

அதற்குப் பிறகு சர்வர் விழவில்லை. ஆனாலும் கூப்பிட்டுவிட்டார்கள், சென்னை சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆள் வந்துதான் ஆக வேண்டும். செல்வராஜ் மில்லின் ஆபீஸ் அறையில் கூட்டம். மில்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வந்தவர் நல்ல பையன், குறை சொல்லக் கூடாது. அவர் காட்டிய சாஃப்ட்வேர் எங்களுடையதைவிட அழகாகவும் இருந்தது. வண்ண வண்ணமாக வரைபடம், லாரி எங்கே போகிறது என்று மேப். மில்காரர்கள் நாற்காலியின் நுனிக்கு வந்து பார்த்தார்கள். பாய் டீயைத் தொடாமல் ஆறவிட்டுக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் பெங்களூரில் வாடகைக்கு அறை தேட ஆரம்பித்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தபின் செல்வராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ராகு காலம் முடிஞ்சதும் எல்லா மில்லும் ஒரே நேரத்துல அடிப்போம்ங்க. தாங்குமா?" அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "அந்தப் பழக்கத்த மட்டும் மாத்திக்கிட்டா போதும் சார். எங்க டீம் ஒவ்வொரு மில்லுக்கும் வந்து ட்ரெயினிங் குடுத்துடும்" என்றார். மில்காரர்கள் நாற்காலியின் நுனியிலிருந்து பின்னால் சாய்ந்துகொண்டார்கள். பேச்சுத் திறமை இருந்த யாராவது அந்த இடத்தில் எழுந்து நம் பக்கம் நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள். நான் பைக்குள் ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். செல்வராஜ் அவருக்கு மரியாதையாக நன்றி சொல்லி, காபி கொடுக்கச் சொல்லி, வாசல்வரை போய்க் காரில் ஏற்றிவிட்டு வந்தார்.

திரும்பி வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து, மற்ற மில்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதே சின்னக் குரலில் சொன்னார்: "அவரு எங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கறேங்கறாரு. நீங்க சர்வருக்குக் குடுத்துட்டீங்க. தை பொறந்ததும் அக்ரிமென்ட் போட்டுக்கலாம்ங்க, நல்ல நேரம் மட்டும் நான் பாத்துச் சொல்றேன்."

ஆக, நான் பெங்களூர் போகாமல் தினமும் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவது என் ஜாவா திறமையால்தான் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், ராகு இதுவரை வந்து மறுக்கவில்லை.